ஸ்டெல்லா மேடம் குத்த மறுத்த முத்திரை

ஸ்டெல்லா மேடம் தேறாது என்று ஒதுக்கிய மீட்டர்களில் அவருடைய முத்திரையையே குத்தி விற்றார்கள். அவரை அறிந்த உங்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

மேடம் இறந்த செய்தியைச் சொன்னவர் எங்கள் கம்பெனி பேக்கிங் குமார். "அண்ணாத்தே, மேடம் பூட்டாங்க. முத்தாபுதுப்பேட்டை ஊட்லதான் வெச்சிகீறாங்க. மொதலாளி ஆளுயர மாலையோட வந்துகினு கீறாரு." மாலைக்கு மட்டும் அந்த மனிதர் சிக்கனம் பார்ப்பதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி, ஆஸ்பத்திரிக் கத்தரிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் பெட்டிகளுக்கு வெப்ப மீட்டர் செய்கிறது. பெட்டிக்குள் சூட்டை உணரும் கம்பி தருவது மிகச் சொற்ப வோல்ட். அதைப் பெருக்கும் சில்லு, ஒன்றும் வராதபோதே தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லும். சூடேறினால் இன்னும் கூட்டிச் சொல்லும். மீட்டர் சூடு போதும் என்னும்போது உள்ளே கிருமி உயிரோடிருக்கும். மேடம் வடிவமைத்த சர்க்யூட் அடிக்கடி சிக்னல் நுழையும் தன் வாசலைத் தானே மூடி, அந்தப் பொய்யை அளந்து, கழித்துவிடும். "மொதல்ல உன் பொய்யை அளந்துக்கோ, அப்புறம் ஊரை அள" என்பார், முதலாளியின் அறையைப் பார்த்தபடியே.

வாசலை மூடும் அந்த ஸ்விட்சை முதலாளி வீண்செலவு என்று எடுத்தெறிந்தார். ஏசி அறையில் ஒருமுறை திருகைத் திருப்பிப் பூஜ்யம் காட்டவைத்து, அது அசையாதபடி மேலே நெயில் பாலிஷ் பூசி அடைத்தால் தீர்ந்தது என்றார். ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்ற நான்கூட இப்படியொரு மடத்தனம் செய்ததில்லை.

மேடம் மீட்டரின் இரு முனைகளையும் சேர்த்து முறுக்கி, போர்டின் மேல் ஹேர் டிரையரைக் காட்டினார். சிக்னலே இல்லாமல் அளவு ஏறியது.

"கஸ்டமர் இன்னா மேடம், தலை காய வெக்கவா மீட்டர் வாங்குறான்?" என்றார் முதலாளி.

"கொதிக்கிற பெட்டி மேல மாட்டுறான் சார். அந்தச் சூட்டுக்கு முன்னாடி இந்த டிரையர் ஊட்டிக் குளிரு."

சுற்றி நின்ற என்ஜினீயர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மேடத்தை டெஸ்டிங்கிலிருந்து டெஸ்பாட்சுக்கு மாற்றினார்கள். அவர் பெயர் பொறித்த முத்திரை டெஸ்டிங்கிலேயே தங்கியது. "நான் முடியாதுன்றேன், என் பேரு சரின்னு சொல்லிகினு ஊரெல்லாம் போவுது" என்றார் ஒருநாள்.

மேடம் வீட்டில் சாவு ஜெபம் முடிந்ததும் முதலாளி பேசினார்: "எங்க ஒவ்வொரு மீட்டர்லயும் மேடம் இருக்காங்க." கூடியிருந்த நீங்களும் எங்கள் என்ஜினீயர்களும் கைதட்டாத குறையாகத் தலையாட்டினீர்கள். தூ.

எனக்கு மிஞ்சியது மேடத்தின் 'முடியாது' ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலாளி அந்த முத்திரையை மேடத்தின் மகளிடம் ஒப்படைக்க வேண்டும். விற்ற மீட்டர்களைத் திரும்ப வாங்கி ஸ்விட்சைப் பற்றவைத்துத் தர வேண்டும். தலையாட்டிய என்ஜினீயர்கள், வாங்கிய ஆஸ்பத்திரிகளுக்குத் தங்கள் பெயரில் உண்மையை எழுத வேண்டும். குமார் அடுத்த வண்டியில் சரக்கு ஏற்ற மறுக்க வேண்டும். நர்சம்மாக்கள் வேறொரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை அந்தப் பெட்டியில் வெந்த கத்தரியால் எந்தத் தொப்புள்கொடியையும் வெட்டக் கூடாது.