இரண்டு நிற நூலில் ஒரு சமாதானம்

இன்று காலை நானும் லீலா அக்காவும் சுகந்தியும் ஒரு பெரிய துணிச் சுருளோடு தக்கலை பஸ்ஸில் ஏறினோம்.

எங்கள் ஊர் புதுக்கடையில் தையல் வகுப்புப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தைத்தது. பாதிப் பேரின் வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அங்கே குண்டு விழுந்தால் இங்கே சோறு இறங்காது. அதனால் ஆளுக்கொரு பழைய சேலைத் துண்டில், போர் வேண்டாம் என்பதை அவரவருக்குத் தோன்றியபடி தைத்து, ஒன்றாக இணைத்தோம். தக்கலையில் எல்லோரும் பார்க்கிற மாதிரிக் கட்டப்போகிறோம்.

கண்டக்டர் விரித்துக் காட்டச் சொன்னார்.

"யக்கா, 'சமாதா' சிவப்பு, 'னம்' பச்சை. தப்பா தச்சுப்போட்டியளே?"

நடந்தது இதுதான். லீலா அக்கா பெரிய பெரிய எழுத்தாகத் தைத்ததில், 'சமாதா'வோடு துணி தீர்ந்துவிட்டது. அடுத்து இணைக்க வேண்டியது சுகந்தியின் துண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவே மதில் மேல் சாய்ந்த ஒரு தென்னைக்காக இருவரும் அதுவரை ஒரு வருடமாகப் பேசாமல் இருந்தார்கள்.

சுகந்திதான் முதலில் வாய் திறந்தாள். "அளந்து தைக்க மாட்டியளா? தள்ளுங்க, மிச்சத்த என் துண்டுல நான் தைக்கேன்."

இன்று கண்டக்டரிடம் லீலா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "தப்பொண்ணும் இல்ல மக்கா. அந்த வார்த்தைய நாங்க ரெண்டு பேரும் சேந்துல்லா தச்சோம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தென்னை மட்டும் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது. அதற்கு எந்தத் தையல் போடலாம் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.