நெருப்புக் காய்ச்சலும் இரண்டு கண்ணாடிக் குழாய்களும்

1930களின் நடுப்பகுதி. மலேரியா எங்கும் பரவியிருந்ததால், காய்ச்சல் என்றாலே கொய்னா மருந்து கொடுத்துவிடுவார்கள். பெரியகல்லாற்றில் எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாவியில் மீன்பிடிக்கப் போகும் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. கொய்னாவுக்கு அது அடங்கவில்லை. நாளுக்கு நாள் ஏறி, பேச்சும் குழறத் தொடங்கியது. அவருடைய அண்ணனும் நானும் அவரை வண்டியில் படுக்கவைத்து மட்டக்களப்புப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். மலேரியா இல்லை. டைபாய்ட் எனும் நெருப்புக் காய்ச்சலாக இருக்கலாமென்று அதற்கும் பரிசோதித்தார். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சோறு கூடாது, பார்லித் தண்ணீரும் மோரும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு நோயும் இல்லையெண்டா இவன ஏன் பட்டினி போடுறீங்க? நாங்க வீட்ட கொண்டு போறம்" என்றார்.

டொக்டர் கோபப்படவில்லை.

"நெருப்புக் காய்ச்சல் வந்த உடன ரத்தத்தில தெரியாது. உடம்பு அந்தக் கிருமிய எதிர்க்கத் தொடங்கோணும். அதுக்கு நாள் போகும். அதுவரைக்கும் குடலில புண் இருக்கெண்டுதான் நான் நினைக்கோணும். சோறு போய்க் குடல் ஓட்டையானா ஆராலயும் காப்பாத்த ஏலாது. இன்னும் ஒரு கிழமை, ஏழு நாள் பொறுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால், இல்லை என்று வந்த பிறகும் சந்தேகத்தை விடாத அந்த மனிதரை நம்பலாம் போலிருந்தது. "நாங்க நிப்பம் அத்தான்" என்றேன்.

அந்த ஒரு கிழமையைச் சொல்லி முடியாது. "புள்ள, ஒரு வாய் சோறு தா" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சுவார். வெளியே போய் அழுதுவிட்டு, மோர்க் கோப்பையோடு திரும்பி வருவேன்.

மறுபடி இரத்தம் எடுத்த அடுத்த நாள் டொக்டர் என்னைப் பரிசோதனை அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டிலும் ஊற்றியது, செத்த நெருப்புக் காய்ச்சல் கிருமிகள் கலந்த ஒரே கலங்கல் நீர்தானாம். ஒன்றில் போன கிழமை எடுத்த இரத்தம் உறைந்து பிரிந்த தெளிநீரைச் சேர்த்திருந்தார். அது அப்படியே கலங்கி நின்றது. மற்றதில் புதிய இரத்தத்தின் தெளிநீர். அதிலே கிருமிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, திரிந்த பால்போல் திரள்திரளாக அடியில் விழுந்து கிடந்தன. மேலே நீர் பளிங்காக இருந்தது.

"ரெண்டும் உங்கட புருசன்ட ரத்தம்தான். இப்ப அது எதிரிய அடையாளம் கண்டிட்டுது" என்றார்.

"அப்ப இனி மருந்து குடுப்பீங்களா?"

"இந்த நோயக் கொல்லுற மருந்து எங்களிட்ட இல்ல. இந்த ரத்தம்தான் சண்டை பிடிக்கோணும். நீங்க அவர்ட குடலக் காப்பாத்திக் குடுங்க."

எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்த மனிதருக்குள்ளே இவ்வளவு பெரிய போர் நடந்துகொண்டிருந்ததா?

மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது. தலைமயிரெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாக என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். டொக்டர் அனுமதித்த அன்று குழைந்த கஞ்சியை நானே ஊட்டினேன்.

இன்றும் யாராவது நோயில் துவண்டு கிடப்பதைக் கண்டால், அந்த அசையாத உடம்புக்குள் உயிர் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் வேலையை நினைத்து, கட்டிலருகே சத்தமின்றித்தான் நடக்கிறேன்.