படிவத்தில் இல்லாத கட்டம்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை எனக்கு. அங்கே வெள்ளைக் கோட்டு போட்டு மாத்திரைகளைச் சோதிக்கும் பெண்களைப் பற்றி வீட்டில் வாய் ஓயாமல் பேசியவள் நான்தான். அதைக் கேட்டே என் மகளுக்கு ஆசை வந்தது. பத்தாவது முடித்ததுமே, "நான் பி.பார்ம் படிக்கறேம்மா" என்றாள்.

எனக்குத்தான் பேராசை. "கோட்டு போடறதுன்னு ஆயிடுச்சி, டாக்டர் கோட்டாவே போடேன்" என்று நீட் கோச்சிங்கில் சேர்த்தேன். பிளஸ் டூ பரீட்சை நெருங்கும்போது அவள் பள்ளிப் புத்தகத்தை எடுத்தால் பிடுங்கி வைப்பேன். "அதுல பாஸ் ஆனா போதும். டாக்டருக்கு நீட் மார்க்குதான் பாக்கறாங்கோ." கூடப் படித்தவர்கள் மகாபலிபுரம் போனபோதுகூட விடவில்லை, அன்றைக்கு மாதிரித் தேர்வு. பிளஸ் டூவில் பாஸ் ஆனாள், அவ்வளவுதான்.

நீட்டை இரண்டு தடவை எழுதினாள். இரண்டாவது தடவை நல்ல மார்க்குதான், ஆனால் டாக்டர் சீட்டுக்கு எட்டவில்லை. சரி, அவள் கேட்ட பார்மசியாவது கிடைக்கட்டும் என்று செங்கல்பட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போனேன். படிவம் நிரப்பிய பெண்ணிடம் நீட் மார்க் தாளைப் பெருமையாக நீட்டினேன்.

"இது வாணாங்கா. பி.பார்முக்கு பிளஸ் டூ மார்க்கு மட்டும்தான். நீட்டுக்கு இதுல கட்டமே இல்ல."

நன்றாகப் பார்க்கச் சொன்னேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். இயற்பியல், வேதியியல், உயிரியல். நான் பிடுங்கி வைத்த புத்தகங்கள்தான் மூன்றும். யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. என்னைத் தவிர ஆள் இல்லை.

எங்களுக்குக் கட்டுப்படியாவது அரசுக் கல்லூரி மட்டும்தான். மார்க் வரிசைப் பட்டியலில் அவள் முறை வருவதற்கு வெகு முன்னாலேயே அந்த இடங்கள் முடிந்துவிட்டன.

"என்னிய ஸ்கூல் பாடத்த படிக்க வுட்டிருந்தா கெடச்சிருக்கும்லம்மா?" என்று கேட்டாள்.

"கெடச்சிருக்கும்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "உங்க கம்பெனில பேக்கிங்குக்கு பிளஸ் டூ பாஸ் ஆனா போதும்ல?" என்றாள்.

போதும்தான். இப்போது என் எதிர் மேசையில் அட்டை அடுக்குகிறாள். ஷிப்ட் முடியும்வரை நான் தலை நிமிர்வதில்லை.