நின்றால் இடுப்பளவு

குருநகர் மீன்பிடிக்காரன் என்றால் மீனோடு மீனாக நீந்துவான் என்று ஊருலகம் நம்பிக்கொண்டிருந்தது. நாங்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. ஆனால் எங்கள் கடல் நீரேரி. வலையை இழுத்துக்கொண்டு வெகுதூரம் நடந்தாலும் பல இடங்களில் தண்ணீர் இடுப்பில் கட்டிய சாரத்தை நனைப்பதோடு சரி. நடந்தே தொழில் செய்கிறவனுக்கு நீச்சல் எதற்கு? வள்ளங்கள் போகும் வாய்க்கால் மட்டும் ஆழம். ஒருமுறை அதில் நான் விழுந்தேன். தூக்கியெடுத்தவர்கள் பிறகு சொன்னார்கள், நான் அலறிக் கூப்பிட்ட புனிதர்களில் பாதிப்பேர் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்களே இல்லையாம்.

அப்படிப்பட்ட என்னைத்தான் போராளி இயக்கத்தின் கடற்பிரிவுக்கு எடுக்கப் பார்த்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குடாநாடு இயக்கத்தின் கையில். கடல் கடற்படையின் கையில். எங்கள் கையில் ஒன்றும் இல்லை. கடலில் இறங்கக்கூடாது என்று தடை. இறங்காவிட்டால் அடுப்பு எரியாது. அக்காவின் கணவர், என் அத்தான், இறங்கினார். கடற்படைப் படகு சுட்டது. வள்ளம் மட்டும் காற்றோடு ஒதுங்கி வந்தது. அதற்குப் பிறகு அக்காவுக்கும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் உழைக்க நான் ஒருவன்தான். கரையோரமாக நடந்து இறால் பிடித்தேன். வேட்டுச் சத்தம் கேட்டால் முதலில் ஓடுகிறவனும் நான்தான். வலையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். ஒருநாள் சாரத்தையும் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அன்றைக்குச் சுட்டது யாரும் இல்லை, யாரோ வீட்டுக் கல்யாண வெடி.

ஒரு பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. கடற்பிரிவுக்கு ஆள் தெரிவு. நீந்தத் தெரிந்த ஆண்கள் எல்லோரும் காலையில் கரைக்கு வரவேண்டும். வாகனத்துக்குப் பின்னால் இரண்டு பொடியன்கள் வீடு வீடாக ஏறி, வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

"இவன் வராட்டி?" என்று வேலிப் படலையில் நின்று அக்கா கேட்டாள்.

"வராட்டி நாங்கள் வருவம் அக்கா," என்று ஒருவன் மரியாதையாகச் சிரித்தான்.

அவர்கள் போனதும் நான் படலையை இழுத்துச் சாத்திக் கொண்டி போட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்ரா நடுங்கிறாய்? நீ அங்கை போய் ஒண்டும் நடிக்கத் தேவையில்லை. நீ நீயாவே இரு. பாத்தாங்களெண்டால் வாகனத்துக்குக் காசும் குடுத்துத் திருப்பி அனுப்புவாங்கள்."

அவளுடைய கண் மட்டும் பகிடி விடவில்லை.

காலையில் ஊர் இளந்தாரிகள் எல்லோரும் அரைக்காற்சட்டையோடு கரையில் நின்றோம். சற்றுத் தள்ளிப் பெண்கள். தெரிவு செய்ய வந்தவரை எல்லோரும் மாஸ்ரர் என்றார்கள். வடமராட்சிக் கரையில் பிறந்தவர். அந்தப் பக்கம் கரையோரப் பாறைத்தொடரைத் தாண்டினால் காலுக்கு நிலம் என்ற பேச்சே இல்லை, பெருங்கடல். அந்தக் கரை முழுக்கக் கடற்படையின் கண்ணில் இருந்ததால் எங்கள் நீரேரிக்கு வந்திருந்தார். அன்று வெள்ளம் ஏறிக் கலங்கிக் கிடந்தது. பார்க்கிறவருக்குக் கடல் மாதிரித்தான் இருக்கும்.

முதலில் மணல் மூட்டையைச் சுமந்துகொண்டு ஓட்டம். நான் நானாகவே இருந்தேன், கடைசியாக வந்தேன். சந்தோஷமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது மாஸ்ரர் தோளில் தட்டினார்.

"பரவாயில்லை. கடலிலை ஆரும் ஓடுறேல்லை."

அடுத்தது மூச்சடக்கம். தண்ணீருக்குள் தலையைத் தாழ்த்தி, முடியாதபோது எழும்பவேண்டும். உடனே எழும்பிவிடுவது என்று தீர்மானித்துத்தான் தாழ்ந்தேன். தலை நனைந்ததும் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் தண்ணீர் புகும் என்று பல்லை இறுக்கினேன். எழும்பச் சொன்னால் கால் கேட்கவில்லை. விறைத்துப்போய் அப்படியே குந்திக்கொண்டிருந்தேன். யாரோ தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்கள். சுற்றிவரப் பார்த்தால் எல்லோரும் எப்போதோ எழும்பி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இதுதான் மனவுறுதி!" என்று மாஸ்ரர் மற்றவர்களுக்குச் சொன்னார். என் பல் இறுகினது இறுகினதுதான். மறுத்துச் சொல்ல வாய் திறக்கவில்லை.

மூன்றாவது நீச்சல். தூரத்தில் களங்கட்டி தெரிந்தது, மீனை மறிக்க நட்ட கம்புவேலி. அதைத் தொட்டுத் திரும்பவேண்டும். மாஸ்ரர் படகில் ஏறி விசிலை ஊதினார்.

இறங்கினோம். எங்கள் ஆட்களில் உண்மையாக நீந்தத் தெரிந்தவர்கள் சிலர்தான். மீதிப்பேர் யாரும் சொல்லிவைக்காமலே ஒரே வேலையைச் செய்தோம். முழங்காலை மடித்துக் கழுத்தளவுக்குக் குந்தி, கீழே நடந்தோம். மேலே கையால் நீந்தினோம்.

"மச்சான், முதுகு தெரியுது. குந்தடா," என்றான் என் பக்கத்தில் வந்தவன். அவனும் நானும் ஒன்றாக இறால் பிடிக்கிறவர்கள்.

"கால் உளையுது."

"அப்ப நீந்து பாப்பம், பெரிய ஆள்!"

தோற்க வந்தவன் தாழ்ந்து காட்டியிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். பயந்தவனுக்குத் தாழவும் வராது. கால் தானாகவே நிலத்தைத் தேடிவிடும். எல்லோரும் அடித்த தண்ணீர் மூக்குக்குள் போகப் போக, அந்தக் கம்பைப் பிடித்தால் போதும் என்று விழுந்தடித்து நடந்தேன். முதலாவதாகத் தொட்டேன். திரும்பும்போதும் நான்தான் முன்னால். வேதாகமத்தில் கடல்மேல் நடந்தவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். கடலுக்குள்ளே நடந்து முதலாவதாக வந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

படகு என்னோடு கூடவே வந்தது. மாஸ்ரரின் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி.

"நீர்தான் எங்களுக்கு வேண்டிய ஆள்! பின்னேரம் வாகனம் வரும். வீட்டிலை சொல்லிப்போட்டு உடுப்போடை வாரும்."

கரையைப் பார்த்தேன். அக்கா தலையில் கை வைத்தபடி நின்றாள். எனக்கு வழக்கமான எல்லாம் வந்தன: வயிற்றுக்கலக்கம், பல்லுக்கிட்டல், காதுக்குள் இரைச்சல். அவற்றோடு, வழக்கமில்லாத ஒன்றும் வந்தது. கோபம். அத்தானை அந்தப் பக்கம் எடுத்தது. இப்போது இந்தப் பக்கம் என்னைக் கேட்கிறது. அந்தச் சின்ன வீட்டுக்குள் எத்தனை ஆம்பிளைகளை அடுக்கி வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறார்கள்?

நான் எழும்பி நின்றேன்.

நின்றால் இடுப்பளவு தண்ணீர்.

மாஸ்ரர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். துடுப்பை இறக்கி ஆழம் பார்த்தார். அது உடனேயே நிலத்தில் குத்தி நின்றது.

"நீர் நீந்தேல்லையோ?"

"இல்லை மாஸ்ரர். நடந்தனான்."

"நீந்தத் தெரியாதோ?"

"தெரியாது."

"அது பிரச்சினையில்லை. பழக்குவம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று சொன்னால் விடுவார்கள் என்றுதான் என் மூளை அதுவரை கணக்குப் போட்டிருந்தது. இனி மிச்சம் இருந்தது ஒரு சொல்தான். அதைச் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று ஊரில் கதைகள் இருந்தன. முழங்கால் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. நல்ல காலம், அது தண்ணீருக்குக் கீழே.

"நான் பழகமாட்டன்."

"என்ன?"

"வரமாட்டன், மாஸ்ரர்."

"பயமோ?"

"ஓம். சரியான பயம்."

"பயத்தையும் எடுத்துவிடுவம். அதுக்குத்தானே பயிற்சி."

"எடுக்கவேண்டாம். அதாலைதான் நான் இவ்வளவு நாளும் உயிரோடை நிக்கிறன். அது போனால் என்ரை அக்கா வீட்டிலை அடுப்பு எரியாது."

என் குரல் கீச்சுக் குரலாகத்தான் வந்தது. ஆனால் தண்ணீரின்மேல் நன்றாகக் கேட்கும். எனக்குப் பின்னால் சளக் என்று ஒரு சத்தம். என் கூட்டாளியும் எழும்பி நின்றான். "எனக்கும் கால் உளையுது," என்றான் யாரையும் பார்க்காமல். பிறகு இன்னொருவன். பிறகு ஒவ்வொருவராக, நீரேரி முழுக்கத் தலைகளாக மிதந்தவர்கள் இடுப்புவரை முளைத்து நின்றார்கள். கரையில் யாரோ ஒரு பெண் சிரிக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் அவளை அடக்கினார்கள்.

அந்த நேரத்தில் நீந்திக்கொண்டே இருந்தவர்களும் உண்டு, உண்மையாக நீந்தத் தெரிந்தவர்கள். பின்னேரம் வாகனத்தில் ஏறியவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பற்றிப் பகிடி விட எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

எங்களுக்கும் வாகனம் வந்தது. எழும்பி நின்றவர்களை வட்டுக்கோட்டைப் பக்கம் வயல்வெளிக்குக் கொண்டுபோய்ப் பங்கர்க் குழி வெட்ட விட்டார்கள். அந்த நிலம் கொஞ்சம் வெட்டினாலே கல். கை முழுக்கக் கொப்புளம். விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் நாங்கள் வெட்டிய குழிக்குள்ளேயே குதிப்போம். எப்போதும் அடியில் கிடப்பவன் நான், எனக்குமேல் மற்றவர்கள்.

"உனக்கு மட்டும் இது எப்பிடியடா முன்னமே கேக்குது?" என்பான் கூட்டாளி.

"எனக்கு வயித்துக்கை ராடார் கிடக்கு."

வேலை முடிகிற கட்டத்தில் ஒருநாள் மாஸ்ரர் வந்தார். குழியின் விளிம்பில் குந்தி என்னைப் பார்த்தார். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும் என்று அப்போதுதான் கவனித்தேன். வெயிலில் உப்புப் பூத்த முகம், நித்திரை இல்லாத கண்.

"இப்ப எப்பிடி? மனம் மாறியிருக்கோ?"

கல்லுடைக்கும் பிக்கானில் சாய்ந்து நிமிர்ந்தேன். இந்தமுறை இடுப்பளவு மண்.

"இல்லை மாஸ்ரர். இப்பவும் பயம்தான். இப்பவும் வரமாட்டன்."

அவர் குழியின் நீள அகலத்தை மெல்ல அளந்து பார்த்தார். நான் மனத்துக்குள் அடுத்த பங்குப் புனிதர்கள்வரை கூப்பிட்டு முடித்துவிட்டேன்.

"உம்மை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?" என்றார். பிறகு எழும்பி, முழங்கால் மண்ணைத் தட்டினார். "வீட்டை போம்."

அன்றைக்கே போனேன். சைக்கிளும் இல்லை, பஸ்ஸும் இல்லை. யாராவது மனம் மாறித் திருப்பிக் கூப்பிடுவார்களோ என்ற பயத்தில் வழிநெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதில் யாரோ ஒருவர் வீட்டு முட்கம்பி வேலியோடு மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டேன். படலையில் அக்கா இரத்தத்தைக் கண்டதும் பதறிப்போனாள்.

"ஐயோ, அடிச்சவங்களோ?"

"ஓம்," என்றேன். "ஆனால் நான் வரமாட்டன் எண்டிட்டன்."