முதுகைத் திருப்பிக்கொண்டவன்

அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

வேதக்கோயில்களில் பூசை லத்தீனில் நடந்த காலம். நெடுந்தீவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வள்ளத்தில் தனியாக நாரந்தனைக்குப் புறப்பட்டேன். ஆட்களை ஏற்றும் லோஞ்சைத் தவறவிட்ட ஒரு சிங்களவன் துறையில் நின்றான். நீர்கொழும்புக்காரன், கடற்றொழிலாளி. கையைக் காட்டிக் கேட்டான், ஏற்றினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது.

வழியில் காற்று மாறி வள்ளம் சரிந்தது. பயத்தில் மாதா பிரார்த்தனையைத் தொடங்கினேன்.

"சாங்தா மரியா."

"ஓரா ப்ரோ நோபிஸ்" என்று கோயிலில் சொல்லும் மறுமொழியைச் சொன்னான் அவன், தண்ணீரை இறைத்தபடியே.

இரண்டு பேருக்கும் லத்தீன் விளங்காது. ஆனாலும் கடைசிவரை சொல்லி முடித்தோம். காற்று அடங்கியதும் சிரிப்பு வந்தது. என்னிடமிருந்த, பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டைப் பிய்த்துப் பாதி கொடுத்தேன்.

என் தகப்பன், அப்புவின் பாருக்குக் கிட்ட வந்தோம். பார் என்றால் கடலடிக் கல்திட்டு. எங்கள் மீன்கூடுகள் அங்கேதான் கிடந்தன, வீட்டில் உலை வைத்ததும் அதை நம்பித்தான். கரையில் எது எதோடு சேர்ந்து தெரிகிறது என்று குறி பார்த்தால்தான் அந்த இடம் பிடிபடும். ஒருவன் குறி பார்க்கும்போது கூட இருப்பவன் முதுகைத் திருப்பிக்கொள்வான். அது கடல் மரியாதை. நான் பாயைத் தளர்த்திக் கரையைப் பார்த்ததும், சொல்லாமலே அவன் திரும்பி உட்கார்ந்தான்.

அந்த மரியாதையில்தான் மயங்கினேன். தோளைப் பிடித்து அவனைத் திருப்பினேன். மடத்துவெளிப் பக்கத்து ஒற்றைப் பனை, நயினாதீவுக் கோபுரம், எல்லாவற்றையும் விரலால் காட்டினேன். பெற்ற பிள்ளைக்கே அப்பு சும்மா காட்டவில்லை.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில், என் வள்ளத்துக் கதையைக் கேட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"உன்ர லத்தீன்காரன் பாரிலை நிக்கிறான். போய்ச் செபஞ் சொல்லு."

போனேன். எஞ்சின் வள்ளங்கள், கடலடிக்கு மூழ்கும் சுழியோடிகள். கடலட்டையைக் கிண்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூடுகள் உடைந்து மிதந்தன.

சிங்களவன் புத்தி என்றது ஊர். அந்தக் கதை எனக்கு வேண்டாம். எங்கள் ஆட்களிலும் கள்ளன் உண்டு. அப்பு ஒன்றுதான் சொன்னார்.

"பாஷை தெரியாதவன் எண்டு சொல்லாதை. அவன் கடல் தெரிஞ்சவன்."

ஓம், தெரிந்தவன்தான். பாருக்குப் போன அன்றைக்கு நான் வள்ளத்தை அவனுக்குக் கிட்டப் பிடித்தேன். என்னை அடையாளம் கண்டான். நான் குறி பார்த்த நாள் போலவே மெதுவாகத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.