பிடிவிடாத கிளட்ச்

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும், கோளாறாகி நிற்கும் எங்கள் லோரியைத் திங்கட்கிழமை இழுத்துப்போகப் பழைய இரும்புக் கடைக்காரர் வருவார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதைக் கொடுத்த கையோடு அன்றே சிங்கப்பூரில் வேலைக்குப் போகப்போகிறாராம். பக்கத்து வீட்டு விஷயம்போல் சொல்லிவிட்டுத் துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் ஏறியது.

பாலோ ஊரைச் சுற்றியுள்ள சின்னத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலையில் இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. வாரத்தில் பாதி நாள் ஓட்டுவது நான். லைசென்ஸ் எடுக்கப் போனபோது சிரித்தவர்கள் இப்போது ஆலை வாசலில் எனக்கு வழிவிடுகிறார்கள். அந்த லோரியை இரும்பாக வெட்டுவதற்கு நான் சம்மதிப்பதாக இல்லை. ஞாயிறு வரைக்கும் பொறுங்கள், நான் சரிபண்ணிக் காட்டுகிறேன் என்றேன். அவர் வெறுமனே தலையை ஆட்டினார்.

கிளட்ச்சை அடிவரை மிதித்தாலும் அது பிடியை விடவில்லை. இதுதான் கோளாறு. எஞ்சின் ஓடும்போது கியர் போட்டால் கரகரவென்று கடித்தது. முதல் கியரில் வைத்து ஸ்டார்ட் செய்தால், மிதித்த மிதியிலேயே லோரி முன்னால் நகர்ந்தது. குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்நேரமும் கிளட்ச்சின் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறவர் அவர். அதை வாய்க்கு வந்தபடி சொல்லியும் காட்டினேன்.

சனிக்கிழமை காலையில் லோரிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்தேன். பெடலை மிதித்தால் மேல் பம்ப்பிலிருந்து எண்ணெய் குழாய் வழியாகக் கீழ் பம்ப்புக்கு வந்து, அங்கே ஒரு கம்பியைத் தள்ள வேண்டும். அவரை மிதிக்கச் சொன்னேன். கம்பி நகத்தளவுதான் நகர்ந்தது. குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்து, இருக்கைக்குப் பின்னால் இருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்து மேல் பம்ப்பின் டப்பாவை நிரப்பினேன். அவர் மிதிக்க, நான் கீழே திருகைத் தளர்த்தி மூட, தோள் கழன்றுவிடும்போல் வலிக்கும்வரை காற்று எடுத்தோம். ஒரு குமிழிகூட மிச்சமில்லை. கம்பி அதே நகத்தளவுதான்.

விட்டுவிடு என்றார். நான் இரண்டு பம்ப்பையும் கழற்றினேன்.

உள்ளே இருந்த ரப்பர் ஊறின பட்டாணிபோல் உப்பி, சுவரோடு சிக்கிக்கொண்டிருந்தது. துணியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு குளுவாங் டவுனில் உள்ள உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர் ரப்பரை நசுக்கி முகர்ந்து பார்த்தார்.

"சாலா மிஞ்ஞாக்," என்றார்.

தப்பான எண்ணெய். கிளட்ச்சுக்குப் பிரேக் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், இது ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெய், ரப்பரை ஊத வைத்துவிடும் என்று மலாயில் விளக்கினார்.

சிவப்பு என்றதும் என் முகம் செத்துவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாமே எண்ணெய்தான். தாளிப்பது எண்ணெய், தலைக்கு வைப்பது எண்ணெய், பெட்ரோல் போடுவதைக்கூட எண்ணெய் அடிப்பது என்போம். இரண்டு மாதத்துக்கு முன் அவர் டெங்கிக் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பெடல் இறங்குகிறதே என்று வழியிலிருந்து போனில் கேட்டேன். எண்ணெய் ஊற்று என்றார். எந்த எண்ணெய் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கைக்கு எட்டிய பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். இந்தச் சனிக்கிழமை காலையிலும் அதையேதான் ஊற்றியிருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு மாட்டிவிடலாம் என்று திரும்பும் வழியெல்லாம் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பம்ப்புகளைக் கழுவி, புது ரப்பர், புதுக் குழாய் போட்டு, சரியான எண்ணெய் ஊற்றிக் காற்று எடுத்தேன். அவர் மிதித்தார். கம்பி அரை விரலுக்கு நீண்டது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் காலில் குற்றமில்லை, நான்தான் தப்பு எண்ணெய் ஊற்றிவிட்டேன் என்று அப்போது சொன்னேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"தெரியும். நேத்து நீ ஊத்துனப்பவும் பாத்துகிட்டுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"ஓடலைன்னா நீயே விட்டுடுவேன்னு நெனச்சேன். என்னால முடியல. இந்த லோரி எனக்கு வேணாம்."

இரண்டு நாள் நான் மண்ணில் கிடக்க, இவர் தெரிந்தே மேலே உட்கார்ந்து மிதித்திருக்கிறார். ஸ்பேனரைத் தூக்கி வீசாத குறைதான். டெங்கியில் ஒட்டிப்போன கன்னம் இன்னும் நிரம்பவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பட்டும் கோபம் இறங்கவில்லை.

"எனக்கு வேணும்," என்றேன். "இரும்புக் கடைக்காரர வர வேணாம்னு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க. நாளைக்கு உங்கள சிங்கப்பூர் பஸ் ஏத்திவிட நானே லோரிய ஓட்டிட்டு வரேன்."

திங்கட்கிழமை காலை குளுவாங் பஸ் நிலையம்வரை பக்கத்து இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு, போக மனமில்லாமல் நின்றார்.

"கதவ சாத்துங்க," என்றேன். "எனக்கு லோடு இருக்கு."