ஆறு படம் பாக்கி

கேமரா அக்காவுடையது. துபாய் தேராவில் நாங்கள் இருந்த கிளினிக்கில் அவள் துப்புரவு வேலை பார்த்தாள், நான் ரிசப்ஷனில் இருந்தேன். கூடப் பிறந்தவள் இல்லை; இருவருக்கும் ஒரே ரூம். இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த லீவில் ஊருக்குப் போனவள், மூன்று வயது மகளை முப்பது படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தாள். முப்பத்தாறும் முடியாமல் ஃபிலிமைக் கழுவக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. "ஆறு படத்த வீணாக்கிட்டா கழுவக் குடுப்பாவ?" என்பாள். மூன்று மாதமாக மகள் கேமராவுக்குள்ளேயே இருந்தாள்.

அந்த ஆறையும் முடிக்கத்தான் ஒரு வெள்ளிக்கிழமை அல் ஐனுக்கு பஸ் ஏறினோம். அங்கே பாலைவனத்துப் பூர்வகுடிகளின் திருவிழா. எங்கள் கிளினிக் நர்ஸ் ஒருத்தியும் கூட வந்தாள். ஈச்ச ஓலைக் குடிசைகள், ஒட்டகங்கள், கையில் தடியோடு வரிசையாக நின்று ஆடும் ஆண்கள். கேமராவை நான் தோளில் மாட்டியிருந்தேன். இங்கிலீஷ் போர்டுகளையெல்லாம் சத்தமாக வாசித்து விளக்கிக்கொண்டே போனேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எங்கே எழுத்தைப் பார்த்தாலும் வாய் சும்மா இருக்காது. படம் எடுக்கலாம் என்று திருவிழா வாசல் போர்டில் இருந்ததையும் நான்தான் வாசித்தேன்.

பெண்கள் கூடாரத்தின் வாசலில் இருந்த போர்டில் அரபி மட்டும்தான்.

"இதுல என்னப்பா போட்டிருக்கு?" என்றாள் நர்ஸ்.

"லேடீஸ் மட்டும்னு" என்றேன். எனக்கு அரபியில் எண்கள் மட்டுமே தெரியும்.

உள்ளே அவர்கள் வழக்கப்படி முகமூடி அணிந்த ஓர் அம்மா தரையில் தறி விரித்துக் கம்பளி நெய்துகொண்டிருந்தார். கறுப்பும் சிவப்புமான நூல்களுக்குள் அந்த விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்ததும் கேமராவைத் தூக்கிவிட்டேன். ஃபிளாஷ் அடித்தது. தறி நின்றது.

"சூரா மாஃபி!" என்று கத்தினார் அந்த அம்மா; படம் கூடாது என்று அர்த்தம்.

அதற்குள் வேறொரு பெண் எழுந்து வந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். பின்மூடியைத் திறக்க அவள் நகம் இடுக்கைத் தேடியது. திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாப் படமும் வெளுத்துவிடும். 'சாரி மேடம், ப்ளீஸ் மேடம்' என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் கொட்டினேன். யாருக்கும் புரியவில்லை.

அக்கா என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு முன்னால் போய், நெய்த அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வார்டு கழுவும்போது நோயாளிகளிடம் பொறுக்கிய அரபி அவளுடையது. பெண், சின்னது, ஊரில், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. கையைத் தரையிலிருந்து இரண்டு முழ உயரம் தூக்கி மகளின் உயரத்தைக் காட்டினாள். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா கேமராவைக் கேட்டு வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

அக்கா எழுந்து வந்தாள். "இங்க லேடீஸ் ஸ்டூடியோ ஒண்ணு இருக்காம். கழுவுறது எல்லாம் பொம்பளையாளுவதான். இந்தம்மா அங்க கழுவக் குடுத்து, தன் படத்த மட்டும் கிழிச்சுப் போட்டுட்டு மிச்சத்தத் தருவாவளாம். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஸ்டூடியோவுக்கு வரச் சொல்லுதாவ."

"தருவாங்களாக்கா?"

"எனக்கென்னட்டி தெரியும்?"

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். பாதி வழியில் கேட்டாள்: "அந்தப் போர்டுல நெசமா என்ன போட்டிருந்துச்சு?"

"எனக்கு அரபி வாசிக்கத் தெரியாதுக்கா."

"அத அங்கயே சொல்லியிருக்கலாம்லா?"

அந்த வாரம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. முன்பின் தெரியாதவர், ரசீது இல்லை, ஸ்டூடியோ பெயர்கூட அக்காவின் வாய்ச்சொல்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவுக்கு டூட்டி. நான் தனியாகப் போனேன். ஸ்டூடியோவுக்குத் திரை போட்ட கதவு; உள்ளே ஒரு ஃபிலிப்பினோப் பெண். நான் சொல்லி முடிக்கும் முன்பே மேஜைக்கு அடியிலிருந்து கேமராவையும் ஒரு தடித்த கவரையும் எடுத்து வைத்தாள்.

கவர் ஒட்டியிருந்தது. அக்காதான் பிரிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார என்னால் முடியாது. அங்கேயே நின்று பிரித்தேன். முதல் படத்தில் பாவாடையும் ஒற்றைச் செருப்புமாக ஒரு குழந்தை. அடுத்ததிலும் அதே குழந்தை. முப்பதும் இருந்தன. அழுதுவிட்டேன்.

சாயங்காலம் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடே வந்த அக்காவின் கையில் கவரைக் கொடுத்தேன். அவள் படங்களை எடுக்கவில்லை. பிரிந்திருந்த ஓரத்தை விரலால் தடவினாள்.

"எல்லாம் இருக்குக்கா. ஒண்ணுகூட போகல."

"பாத்துட்டியா?"

"பயமா இருந்துச்சுக்கா. அதான்…"

"எனக்கு முந்தியே பாத்துட்ட" என்றாள். கோபம் இல்லாத குரல்தான். கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, படங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்க்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.